கம்பத்துக்குத் தனி எர்த் போதுமா? வெளிப்புற வயர்லெஸ் கேபிளும் மின்னலும் மழையும்

தொடக்கக் கேள்வி: அக்டோபர் 3, இரவு 9.10

"சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயாவுக்கு உள்ளே ஒரு செம்பனைத் தோட்டத்தில் எங்கள் கோயில் இருக்கிறது. டவுனிலிருந்து வயர்லெஸ் வழியாக இணையம் எடுக்கிறோம். கோயிலுக்குப் பின்னால் இரும்புக் கம்பம், அதன் உச்சியில் கருவி, அங்கிருந்து ஏறக்குறைய 30 மீட்டர் கேபிள் கோயில் அலுவலகத்துக்கு வருகிறது. இடி மழைக் காலம் வந்தால் கருவி எரிந்துவிடுகிறது. கம்பத்தின் அடியில் தனியாக ஒரு செம்புத் தண்டை இறக்கி எர்த் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று சாமான் விற்றவர் சொல்கிறார். நிர்வாகக் குழுவிடம் பணம் கேட்கும் முன் இங்கே கேட்கிறேன். இது போதுமா?"

அக்டோபர் 3, இரவு 10.50

போதாது. தனி எர்த்தை மட்டும் இறக்கிவிட்டு அத்துடன் நிறுத்தினால், இப்போது இருப்பதைவிட நிலைமை மோசமாகவும் கூடும்.

கோயில் அலுவலகத்துக்கு ஏற்கெனவே ஓர் எர்த் உண்டு. நம் மலேசியாவில் டி.என்.பி. என்ற மின் நிறுவனத்திடம் மின்சாரம் பெறும் சிறிய கட்டடங்கள் பெரும்பாலும் தத்தமக்கென ஒரு தண்டை மண்ணில் இறக்கியிருக்கும். இப்போது கம்பத்தடியில் இரண்டாவது தண்டு வருகிறது. இரண்டும் ஒரே மண்ணில்தானே இருக்கின்றன, அதனால் இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். சாதாரண நாளில் அது உண்மை. மின்னல் விழும் அந்த மைக்ரோ விநாடிகளில் அது உண்மையில்லை.

கம்பத்திலிருந்து 50 மீட்டரிலும் அலுவலகத்திலிருந்து 80 மீட்டரிலும் நிற்கும் ஒரு செம்பனையில் மின்னல் இறங்குவதாக வையுங்கள். நடுத்தரமான மின்னலின் முதல் வீச்சு ஏறக்குறைய 30 கிலோ ஆம்பியர். அந்த மின்னோட்டம் மண்ணில் எல்லாத் திசைகளிலும் பரவும்போது, விழுந்த இடத்தை விட்டு விலக விலக மண்ணின் மின்னழுத்தம் இறங்கிக்கொண்டே போகும். மண்ணின் தடைத்திறன் (மின்னோட்டத்தை மண் எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு) 100 ஓம் மீட்டர் என்று எடுத்துக்கொண்டால், 50 மீட்டரில் மண் சுமார் 9,500 வோல்ட்டிலும் 80 மீட்டரில் சுமார் 6,000 வோல்ட்டிலும் இருக்கும். இடைவெளி ஏறக்குறைய 3,500 வோல்ட். அந்த இரு இடங்களையும் இணைக்கும் ஒரே உலோகம் உங்கள் லேன் கேபிள்தான். லேன் போர்ட்டுக்குள் இருக்கும் சிறிய மின்மாற்றிகள் 1,500 வோல்ட் ஏ.சி. தாங்கும்படி சோதிக்கப்படுபவை, கேபிள் வழியாகவே கருவிக்கு மின்சாரம் அனுப்பும் அமைப்பில் மின்னல் அவற்றைச் சுற்றிக்கொண்டு போகவும் வழி இருக்கிறது.

உங்கள் பகுதியில் பழைய வெள்ளீயச் சுரங்க நிலம் நிறைய. சுரங்கம் கழித்துப் போட்ட மணல் நீரைப் பிடித்து வைக்காது. காய்ந்துவிட்டால் தடைத்திறன் பல மடங்கு ஏறும். அதே கணக்கில் 500 ஓம் மீட்டர் போட்டால் இடைவெளி 18,000 வோல்ட்டை நெருங்குகிறது. இது சீரான மண்ணுக்குப் போட்ட எளிய கணக்குதான். ஆனாலும் மரத்தில் விழுந்த மின்னலுக்கு உங்கள் கருவி ஏன் எரிகிறது என்பதைக் காட்ட இது போதும்.

அக்டோபர் 4, காலை 7.30

"மின்னல் ஆன்டெனாவில்தானே விழுகிறது, மண்ணைப் பற்றி ஏன் பேசுகிறீர்கள்" என்று கேட்டிருக்கிறார் இன்னொருவர்.

டவுனில் என் கடைக்குப் பழுது பார்க்க வரும் கருவிகளைத் திறந்து பார்த்துத்தான் நானும் இந்த முடிவுக்கு வந்தேன். கருகிய தடயம் லேன் போர்ட்டின் அருகிலும் அதற்குப் பின்னால் இருக்கும் மின்சாரப் பகுதியிலும் இருக்கிறது. ஆன்டெனாப் பக்கம் பெரும்பாலும் பளபளவென்று அப்படியே இருக்கிறது. கீழே, கேபிள் வழியாகக் கருவிக்கு மின்சாரம் அனுப்பும் அடாப்டரைத் திறந்தால் அங்கேயும் ஒரு கறுப்புப் புள்ளி. அதாவது மின்னோட்டம் கேபிளின் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறியிருக்கிறது. கருவியின் தலையிலேயே மின்னல் விழுந்திருந்தால் கேபிளின் தோல் வெடித்திருக்கும், பிளாஸ்டிக் பிளந்திருக்கும், யாரும் சொல்லாமலே தெரிந்திருக்கும். அப்படிப்பட்ட நேரடி அடியைக் கடையில் விற்கும் சின்னஞ்சிறு சர்ஜ் தடுப்பான் (திடீர் மின்னழுத்த எழுச்சியை எர்த்துக்குத் திருப்பிவிடும் சாதனம்) எதுவும் தாங்காது என்பதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

மண் வழி இல்லாமலும் சேதம் வரும். மின்கம்பி ஒரு சுவரிலும் லேன் கேபிள் எதிர்ச்சுவரிலும் ஓடி ஒரே மேசையில் சந்தித்தால், இரண்டும் சேர்ந்து பெரிய வளையம் ஆகிவிடுகின்றன. 10 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் உள்ள வளையத்துக்கு 50 மீட்டர் தள்ளி, மைக்ரோ விநாடிக்கு 10 கிலோ ஆம்பியர் வேகத்தில் ஏறும் மின்னல் விழுந்தால், காந்தப்புலம் மட்டுமே அந்த வளையத்தில் 1,200 வோல்ட் வரை எழுப்பும். இரண்டு கேபிள்களையும் ஒரே பாதையில் கொண்டுவந்தால் வளையம் சுருங்கும், வோல்ட்டும் அதற்கேற்ப இறங்கும். இதற்கு ஒரு ரிங்கிட்கூடச் செலவில்லை. ஆனால் வயர் போடும் நாளிலேயே யோசிக்க வேண்டிய விஷயம்.

அக்டோபர் 6, இரவு 8.20

சரி, என்னதான் செய்வது.

கம்பத்தடியில் தண்டு இறக்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் தண்டிலிருந்து கோயிலின் பிரதான எர்த் வரை 16 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்புக் கம்பி ஒன்றை மண்ணுக்குள் புதைத்து, இரண்டையும் இணைத்துவிட வேண்டும். லேன் கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடம், முடிந்தவரை டி.பி. பெட்டியின் (மின் விநியோகப் பெட்டி) பக்கத்திலேயே அமையட்டும். நுழையும் இடத்தில் ஒரு சர்ஜ் தடுப்பான், அதன் எர்த் அதே பிரதான எர்த் முனைக்கு. கம்பத்தில் கருவிக்கு அருகே இன்னொரு தடுப்பான், அதன் எர்த் கம்பத்தின் இரும்புக்கு. டி.பி. பெட்டிக்குள் மின்சாரப் பக்கத்துக்கும் ஒரு தடுப்பான். இந்தக் கடைசி வேலையை உரிமம் பெற்ற வயர்மேன்தான் செய்ய வேண்டும். நம்முடைய எர்த் முறைக்கு அந்தத் தடுப்பானை ஆர்.சி.சி.பி.க்கு (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) முன்னால் வைப்பதும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வாயுக்குழல் வகையைப் போடுவதும் முக்கியம். பின்னால் வைத்தால் ஒவ்வோர் இடிக்கும் ஆர்.சி.சி.பி. விழும், கோயில் குளிர்பெட்டியில் இருக்கும் பால் கெடும்.

இவ்வளவும் மின்னலைத் தடுத்து நிறுத்துவதற்காக அல்ல. வெள்ளம் ஏறும்போது ஒரே படகில் இருக்கும் சாமான்கள் எல்லாம் சேர்ந்தே உயரும். அவற்றுக்குள் மேடு பள்ளம் வராது. கட்டடத்துக்குள் வரும் எல்லா உலோகமும் ஒரே எர்த் முனையில் கூடினால், மண் 9,000 வோல்ட்டுக்கு எழும்போது அவையும் ஏறக்குறைய சேர்ந்தே எழும், கருவிக்குக் குறுக்கே விழும் வேறுபாடு சிறியதாகிவிடும்.

எர்த் 10 ஓம்முக்குக் கீழே இருக்க வேண்டும் என்று வயர்மேன்கள் சொல்வது நல்ல பழக்கம்தான், அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் 1 ஓம் எர்த் கிடைத்தாலும் 30 கிலோ ஆம்பியர் அதில் இறங்கினால் 30,000 வோல்ட் எழும். ஆகவே ஓம் கணக்கைவிட இணைப்புக்கே நான் முதலிடம் கொடுப்பேன்.

அக்டோபர் 6, இரவு 8.45

மேலே எழுத விட்டுப்போனது. தடுப்பானின் எர்த் கம்பி குட்டையாக இருக்க வேண்டும், அரை மீட்டருக்குள் முடிந்தால் நல்லது. நேரான கம்பிக்கும் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 1 மைக்ரோஹென்றி இன்டக்டன்ஸ் (மின்னோட்டம் திடீரென மாறுவதை எதிர்க்கும் தன்மை) உண்டு. மின்னலின் ஒரு சிறு பங்கு, மைக்ரோ விநாடிக்கு 1 கிலோ ஆம்பியர் வேகத்தில் அதில் ஏறினாலே மீட்டருக்கு 1,000 வோல்ட் எழும். நான்கு மீட்டர் கம்பியைச் சுவர் ஓரமாக அழகாக வளைத்து வளைத்துக் கொண்டுபோய், மீந்ததைச் சுருட்டி டேப் போட்டு வைக்கும் வேலையை நம் ஊரில் நிறையப் பார்க்கிறேன். பார்வைக்கு லட்சணம், தடுப்பான் இருந்தும் இல்லாததுபோல.

அக்டோபர் 9, காலை 11.00

"மழை வருவதுபோல் இருந்தால் அடாப்டரைப் பிடுங்கிவிடுகிறோம், அது போதாதா" என்று கேட்டவருக்கு: அடாப்டரைப் பிடுங்கினால் மின்சாரப் பக்கம்தான் துண்டிக்கப்படுகிறது. லேன் கேபிள் இன்னும் ரூட்டரில் செருகியிருக்கிறது, ரூட்டர் இன்னும் மின்சாரத்தில் இருக்கிறது. இரண்டையும் பிடுங்கி, கேபிளின் முனையை மற்ற சாமான்களிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைத்தால்தான் பிடுங்கியதற்குப் பொருள் உண்டு. அதையும் இடி கேட்ட பிறகு செய்யாதீர்கள். இடியோசை காதில் விழும் தொலைவில் புயல் இருந்தால் அடுத்த மின்னல் உங்கள் பக்கம் விழலாம். அப்போது கேபிளைக் கையில் பிடித்திருப்பவர் நீங்களாக இருக்க வேண்டாம்.

இந்த மேற்குக் கரையில் பிற்பகல் இடி மட்டும் இல்லை. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மாலை இடி அதிகம் என்பது எல்லாருக்கும் தெரியும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும் சுமத்திராப் புயல்கள் விடியற்காலையில் அடிக்கும். அந்த நேரத்தில் யார் எழுந்து போய்ப் பிடுங்குவது? குருக்கள் நடை திறக்கும்போது பிடுங்கட்டும் என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். குருக்களை விட்டுவிடுங்கள், அவருக்கு வேறு வேலை இருக்கிறது.

அக்டோபர் 14, இரவு 9.30

கோபுரக் கலசம் இடிதாங்கி ஆகையால் அதன் நிழலில் இருக்கும் கருவிக்குப் பயமில்லை என்று ஒருவர் விரிவாக எழுதியிருக்கிறார். இந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் ஆண்டுதோறும் சுற்றி வருகிறது.

கலசம் உயரத்தில் இருக்கும் கூரிய உலோகம், ஆகவே மின்னல் அதில் விழ வாய்ப்பு உண்டு. விழுந்த பிறகு அது எங்கே போகும் என்பதே கேள்வி. கலசத்திலிருந்து மண்ணுக்குத் தொடர்ச்சியாக இறங்கும் தடித்த கடத்தியும் அடியில் நல்ல எர்த்தும் இருந்தால் அது இடிதாங்கி. இல்லாவிட்டால் மின்னல் சிமெண்டையும் சுதைச் சிற்பத்தையும் பிளந்துகொண்டு, பக்கத்தில் ஓடும் எந்த வயரை வேண்டுமானாலும் பிடித்துக்கொண்டு இறங்கும். கலசத்துக்குள் நிரப்பும் தானியம் விதைக்குப் பயன்படும் என்பது வேறு. மின்னலை அது ஈர்க்கவும் செய்யாது, தடுக்கவும் செய்யாது.

செம்பனை உயரமாக இருக்கிறது, அதுவே காக்கும் என்பதும் இதே வகைதான். மரம் மின்னலை வாங்கிக்கொள்ளும், பிறகு பக்கவாட்டில் தாவும். அல்லது அக்டோபர் 3 அன்று சொன்னபடி மண் வழியாக வரும்.

கம்பத்தின் உச்சியில் தனியாக ஓர் இடிதாங்கி முனை வைக்க விரும்பினால் வையுங்கள். முனை கருவிக்கு மேலே இருக்கட்டும், கருவி அதன் கீழே ஒதுங்கியிருக்கட்டும். பத்து மீட்டருக்கு மேற்படாத கம்பத்தில், முனையிலிருந்து 45 பாகையில் விரியும் கூம்புக்குள் கருவி அடங்கினால் அது எச்சரிக்கையான கணக்கு. "சிறப்பு முனை, நூறு மீட்டர் சுற்றளவுக்குப் பாதுகாப்பு" என்று விலை ஏற்றி விற்கும் வகையை வாங்கும் முன் யோசியுங்கள். நம் நாட்டில் இடிதாங்கி அமைப்புக்குப் பின்பற்றப்படும் எம்.எஸ். ஐ.இ.சி. 62305 தரம், அந்த முனைகளுக்குச் சாதாரண முனையைவிடக் கூடுதல் எல்லை எதையும் தருவதில்லை. அந்தப் பணத்தில் 16 சதுர மில்லிமீட்டர் கம்பி தாராளமாக வாங்கலாம்.

அக்டோபர் 14, இரவு 9.50

பி.வி.சி. கம்பம் வைத்தால் எர்த்தே வேண்டாமே என்ற யோசனைக்கு: கம்பம் மின்சாரம் கடத்தாவிட்டால் கேபிள் கடத்தும். அவ்வளவுதான். காற்றில் வளைந்து இணைப்பு அறுந்துபோவது தனிக் கணக்கு.

அக்டோபர் 22, இரவு 10.15

தீபாவளி வேலைகளால் ஒரு வாரம் எழுத இயலவில்லை. மின்னலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். என் அனுபவத்தில் மழையும் வெயிலும் கொல்லும் கேபிள்தான் அதிகம். மின்னல் ஒரே நாளில் கொல்வதால் அதன் பெயர் வெளியே தெரிகிறது. மழை மாதக்கணக்கில் எடுத்துக்கொள்கிறது, கடைசியில் இடி இடித்த ஏதோ ஒரு நாளில் கருவி நின்றுபோனால் பழி மின்னல் மேல் விழுகிறது.

கேபிளில் தொடங்குவோம். வீட்டுக்குள் ஓடும் சாம்பல் நிற பி.வி.சி. கேபிளைத் தகரக் கூரையின் மேல் போட்டால், வெயில் அதன் மேல்தோலை வெளுக்கச் செய்து வெடிக்க வைக்கும். வெளியில் போட வேண்டியது புற ஊதாக் கதிரைத் தாங்கும் கறுப்பு பாலிஎதிலீன் தோல் உடைய கேபிள். உள்ளே இருக்கும் கம்பி முழுச் செம்பாக இருக்க வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது; அதன் தடை முழுச் செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, ஆகவே நீண்ட கேபிளில் கருவிக்குப் போகும் மின்னழுத்தம் குறையும், ஈரம் பட்டால் அலுமினியம் பொடியாகும். கத்தியால் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது நீர் இறங்கும் வழி. கருவிக்குள் நுழையும் முன்பும் சுவருக்குள் நுழையும் முன்பும் கேபிள் ஒரு முறை கீழே தொங்கி மேலே ஏற வேண்டும். அந்தத் தொங்கலின் அடியில் நீர் சொட்டிவிடும். சுவர்த் துளையை வெளிப்புறம் தாழ்ந்திருக்கும்படி சாய்வாகத் துளையிடுங்கள். பெட்டிக்குள் கேபிள் எப்போதும் அடிப்பக்கத்திலிருந்தே நுழையட்டும்.

பிறகு, பெட்டியை முழுதாக அடைப்பது. எல்லாப் பக்கமும் சிலிக்கோன் பூசி அடைத்துவிட்டேன், ஆனாலும் உள்ளே தண்ணீர் நிற்கிறது என்று பலர் வியக்கிறார்கள். பிற்பகல் வெயிலில் பெட்டிக்குள் காற்று சூடாகி விரிந்து எங்காவது ஒரு நுண்ணிய இடைவெளி வழியாக வெளியேறும்; நாலு மணி மழையில் பெட்டி திடீரென்று குளிர்ந்து சுருங்கும்போது அதே இடைவெளி வழியாக ஈரக்காற்றையும் மழைநீரையும் உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே போனது வெளியே வர வழியில்லை. ஆகவே மேலேயும் பக்கங்களிலும் அடைத்துவிட்டு, அடியில் மூன்று நான்கு மில்லிமீட்டர் துளை ஒன்றை விடுங்கள், அதற்கு எறும்பு நுழையாத அளவு நுண்ணிய வலை போடுங்கள். வலை இல்லாவிட்டால் அடுத்த முறை திறக்கும்போது எறும்புப் புற்றையோ குளவிக் கூட்டையோதான் சந்திப்பீர்கள். ஏணி உச்சியில் குளவியைச் சந்திப்பது மின்னலைவிடப் பெரிய ஆபத்து.

சிலிக்கோனிலும் வகை உண்டு. பூசும்போது புளிக்காடி வாசம் வீசுவது அசிட்டிக் அமிலத்தை வெளியிடும் வகை. அது செம்பை அரிக்கும். நடுநிலை வகை என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். இணைப்புகளுக்கு மேல் வெறும் கறுப்பு வயர் டேப் சுற்றினால் நம் வெயிலில் பசை உருகி வழியும், டேப் அவிழ்ந்து தொங்கும். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை நன்றாக இழுத்து, கீழிருந்து மேலாக, ஓடு வேய்வதற்கேற்ற அடுக்கில் சுற்ற வேண்டும். அதன் மேல் வெயில் தாங்கும் டேப் ஒரு சுற்று.

வெள்ளை நைலான் கட்டுப்பட்டை வெயிலில் நொறுங்கும். கறுப்பு வகையோ, துருப்பிடிக்காத எஃகுப் பட்டையோ போடுங்கள்.

அக்டோபர் 23, காலை 6.50

நேற்று எழுதியதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய ஒன்று. ஈரம் புகுந்த செருகியைக் கழற்றிப் பார்த்தால் எட்டு முனைகளில் எவை பச்சை பிடித்திருக்கின்றன என்று கவனியுங்கள். பெரும்பாலும் 4, 5 என்ற இரண்டு முனைகள், வழக்கமான வண்ண வரிசையில் நீல ஜோடி. மற்றவை ஓரளவு சுத்தமாகவே இருக்கும். 24 வோல்ட் அடாப்டர் நேர்மின்னை அந்த ஜோடியில்தான் அனுப்புகிறது; ஈரத்தோடு நேர்மின்சாரம் சேர்ந்தால் நேர்முனைச் செம்பு கரைந்துகொண்டே போகும். இந்தக் காட்சியைப் பார்த்தால் குற்றவாளி மின்னல் இல்லை, மழை என்று தயங்காமல் எழுதிக்கொள்ளலாம். அத்துடன், மேலே தோல் வெடித்த கேபிளுக்குள் புகுந்த நீர் கம்பி ஓரமாகவே இறங்கி, கீழே உலர்ந்த அறையில் இருக்கும் அடாப்டருக்குள் சொட்டும். கூரை ஒழுகவில்லையே, அடாப்டர் எப்படி நனைந்தது என்று குழம்ப வேண்டாம்.

நவம்பர் 2, இரவு 9.05

உறையிட்ட கேபிளின் உலோக உறையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்ய வேண்டுமா, இரு முனையிலுமா என்று இருவர் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இருவரும் சரி, இடம்தான் வேறு.

கம்பமும் கட்டடமும் அக்டோபர் 6 அன்று எழுதியபடி ஒரே எர்த் அமைப்பில் இணைந்திருந்தால், இரு முனையிலும் இணைப்பதே நல்லது. ஒரு முனை மட்டும் இணைந்த உறை, கேபிளில் எழும் தூண்டு மின்னோட்டத்துக்கு மாற்று வழி தராது. ஆனால் கோயிலிலிருந்து லயத்துக்கோ (தொழிலாளர் குடியிருப்பு வரிசை), பள்ளியிலிருந்து எதிரே உள்ள மண்டபத்துக்கோ கேபிள் போகிறது, இரண்டுக்கும் தனித்தனி எர்த், இடையில் புதைத்த கம்பி இல்லை என்றால், இரு முனையும் இணைத்த உறை அந்த இரண்டு எர்த்துகளுக்கும் நடுவே பாலமாகிவிடும். மெல்லிய அலுமினியத் தாளில் ஆயிரக்கணக்கான வோல்ட்டின் சுமை விழும். அதற்காக ஒரு முனையைக் கழற்றிவிட்டாலும் உள்ளே எட்டுக் கம்பிகள் அதே பாலமாகத்தான் இருக்கின்றன. ஆகவே தனித்தனி எர்த் உள்ள இரண்டு கட்டடங்களுக்கு இடையே எந்த லேன் கேபிளும் வேண்டாம், ஃபைபர் (கண்ணாடி இழைக் கேபிள்) போடுங்கள் என்பதே என் விடை.

ஜி.ஐ. பைப்புக்குள் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) கேபிளைக் கொண்டுபோய், பைப்பின் இரு முனையையும் எர்த்தோடு இணைத்தால் தூண்டு மின்னழுத்தம் இன்னும் இறங்கும். செம்புக் கம்பியை ஜி.ஐ. பைப்பில் நேராகச் சுற்றி முறுக்காதீர்கள். மழை ஈரத்தில் துத்தநாகப் பூச்சு கரைந்து, இணைப்பு தளர்ந்துபோகும். வெள்ளீயம் பூசிய லக் (கம்பி முனையில் மாட்டும் உலோகக் கண்ணி) அல்லது அதற்கென உள்ள கிளாம்ப் போடுங்கள்.

நவம்பர் 5, இரவு 10.30

"அப்படியானால் எங்கள் கம்பத்துக்கும் ஃபைபரே போட்டுவிடுகிறோம், கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது" என்று கேள்வியைத் தொடங்கியவர் எழுதியிருக்கிறார். இரண்டு இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

முதலாவது, வீடுகளுக்கு இழுக்கும் தொங்கு ஃபைபரில் கண்ணாடி இழைக்குப் பக்கத்தில் எஃகுக் கம்பி ஒன்று ஓடும். இழையைத் தாங்குவதற்கு அது வேண்டும். சில வகைகளில் உள்ளேயும் எஃகு வலுக்கம்பிகள் உண்டு. அப்படியே கருவி வரை கொண்டுபோனால் மின்னலுக்கு மீண்டும் வழி திறந்தாயிற்று. கண்ணாடியிழைப் பிளாஸ்டிக் வலுத்தண்டு உடைய, உலோகமே இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள். எஃகு இருந்துதான் ஆக வேண்டும் என்றால் அதைச் சுவருக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்துங்கள்.

இரண்டாவது, கம்பத்தில் இருக்கும் கருவிக்கு மின்சாரம் எங்கிருந்து வரும்? அலுவலகத்திலிருந்து வயர் இழுத்தால் ஃபைபர் போட்டது வீண். கம்பத்திலேயே சூரியத் தகடும் மின்கலமும் வைத்தால்தான் உலோகத் தொடர்பு முற்றிலும் அறும். கருவியும் ஃபைபர் மாற்றியும் சேர்ந்து 10 வாட் எடுத்தால் ஒரு நாளுக்கு 240 வாட்-மணி. 12 வோல்ட், 50 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலம் வெயிலே இல்லாமல் இரண்டரை நாள் தாங்கும். 100 வாட் தகடு சாதாரண நாளில் அதை நிரப்பிவிடும், தொடர் மழை வாரத்தில் திணறும். இந்த அமைப்பில் கம்பத்துக்குத் தனி எர்த் இருந்தாலும் கேடில்லை, ஏனென்றால் அதனோடு மோத இன்னோர் எர்த் அங்கே இல்லை. உங்களுக்குச் சாமான் விற்றவர் சொன்ன ஆலோசனை இந்த ஓர் இடத்தில் பொருந்துகிறது.

ஆனால் 30 மீட்டர் தொலைவுக்கு இது எனக்குச் செலவு அதிகமாகத் தோன்றுகிறது. புதைத்த செம்புக் கம்பியும் இரண்டு தடுப்பான்களும் போட்டு ஒரு நவம்பரைக் கடத்திப் பாருங்கள் என்பேன். நூறு மீட்டரை நெருங்கும் தொலைவாக இருந்தால் நேராக ஃபைபருக்கே போயிருப்பேன்.

நவம்பர் 16, மாலை 6.20

எலியை மறந்துவிட்டோம் என்று பக்கத்துத் தோட்டத்து மண்டோர் (தொழிலாளர் மேற்பார்வையாளர்) ஒருவர் நினைவூட்டினார். நியாயம்தான். செம்பனைத் தோட்டங்களில் எலி பிடிக்க ஆந்தைப் பெட்டி வைத்து வளர்க்கிறார்கள். ஆந்தை தோப்பில் வேட்டையாடுகிறதே தவிர, கோயில் கூரைக்கும் தகரத்துக்கும் இடையே நுழைந்து வேட்டையாடுவதில்லை. கூரைக்குள் ஓடும் பகுதியைக் கெட்டியான பைப்புக்குள் விடுங்கள். கம்பத்தில் ஏறும் பகுதியை அணில் கடிக்கும், அங்கே ஜி.ஐ. பைப் இருந்தால் மின்னலுக்கும் அணிலுக்கும் ஒரே செலவில் முடிந்தது. பைப்பின் மேல் வாயைக் கீழ்நோக்கி வளையுங்கள், அடி வாயை அடைக்காதீர்கள்.

ஆந்தைப் பெட்டிக் கம்பத்திலேயே வயர்லெஸ் கருவியைக் கட்டலாமா என்று அவரே கேட்டார். வேண்டாம். ஆந்தை அங்கிருந்து பறந்து போய்விட்டால் தோட்ட நிர்வாகத்திடம் பதில் சொல்ல எந்தத் தடுப்பானும் உதவாது.

டிசம்பர் 4, இரவு 9.40

தொடங்கியவர் மீண்டும் எழுதியிருக்கிறார். தண்டுகளை இணைத்துவிட்டார்கள், இரண்டு தடுப்பான்களும் வந்துவிட்டன, வயர்மேன் டி.பி. பெட்டியையும் பார்த்துவிட்டார். நவம்பர் இடிகளில் கருவி எரியவில்லை, ஆனால் ஒரு பெரிய இடிக்குப் பிறகு இணையம் மெதுவாகிவிட்டது, கருவி உயிரோடுதான் இருக்கிறது, இது என்ன என்று கேட்கிறார்.

கருவியின் நிலவரப் பக்கத்தில் லேன் வேகம் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 100 அல்லது 1000 இருந்த இடத்தில் 10 என்று நின்றாலோ, பிழை எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருந்தாலோ, இணைப்பில் எங்கோ ஒரு ஜோடி காயப்பட்டிருக்கிறது. முதலில் சந்தேகிக்க வேண்டியது சர்ஜ் தடுப்பானையே. அடி வாங்குவதற்காகவே அதை வைத்திருக்கிறோம். அடி வாங்கிய தடுப்பான் சில நேரம் முழுதாகச் சாகாமல் பாதி உயிரோடு கேபிளில் தொங்கிக்கொண்டு சைகையைக் கெடுக்கும். வானம் தெளிவாக இருக்கும் ஒரு காலையில் கீழ்த் தடுப்பானை விலக்கி நேராகச் செருகிப் பாருங்கள். வேகம் திரும்பினால் அதை மாற்றுங்கள், மாலைக்குள் புதியது இடத்தில் இருக்கட்டும். திரும்பாவிட்டால் மேல் தடுப்பான், அதன் பிறகு செருகிகள், கடைசியில் கருவியின் போர்ட் என்ற வரிசையில் போங்கள். அடாப்டரையும் வேறொன்றோடு மாற்றிச் சோதியுங்கள். காயப்பட்ட அடாப்டரில் புதுக் கருவியைச் செருகி, புதுக் கருவியும் போய்விட்டது என்று கடைக்கு வருபவர்கள் உண்டு.

மாற்றுத் தடுப்பான் ஒன்றை அலுவலக மேசை இழுப்பறையில் வாங்கி வையுங்கள். தடுப்பானை மாற்றிய தேதியைப் பெட்டியின் உள் மூடியில் எழுதி வைத்தால் அடுத்த நிர்வாகக் குழுவும் தேடி அலைய வேண்டியிருக்காது.